பிள்ளைப்பேறும் முடிவெடுக்கும் உரிமையும்: ‘மாதொருபாகன்’ நாவலில் காலந்தாழ்ந்த பெற்றோர்நிலை

ஆய்வுச் சுருக்கம்

பெருமாள்முருகனின் ‘மாதொருபாகன்’ (2010) நாவலைப் பற்றிய விவாதங்கள் பெரும்பாலும் தேர்த்திருவிழாவின் பதினான்காம் நாள் இரவையும் அதையொட்டி எழுந்த கருத்துரிமைச் சிக்கலையுமே மையமிட்டவை. அந்த இரவுக்கு முன்னுள்ள பன்னிரண்டு ஆண்டுகளே நாவலின் பெரும்பகுதி. திருமணமாகி நெடுங்காலம் பிள்ளையில்லாத கணவன் மனைவியர் இனியும் முயல்வதா, இருப்பதை ஏற்பதா என்னும் முடிவு அந்தக் காலப்பகுதியில் யாரால் எடுக்கப்படுகிறது என்னும் வினாவை இக்கட்டுரை எழுப்புகிறது. தமிழ் மரபில் பிள்ளைப்பேறு கடனாகவும் பேறாகவும் கருதப்பட்டமை, நாவலின் காலத்தில் நிலவிய சுவீகாரச் சட்டம், அம்பையின் ‘காட்டில் ஒரு மான்’ சிறுகதை ஆகியவற்றின் துணையுடன் இவ்வினா ஆராயப்படுகிறது.

திறவுச்சொற்கள்: மாதொருபாகன், பெருமாள்முருகன், பிள்ளைப்பேறு, மகப்பேறின்மை, இசைவு, சுற்றம், அம்பை

முன்னுரை

‘மாதொருபாகன்’ 2010இல் காலச்சுவடு வெளியீடாக வந்தது. நான்காண்டுகள் கழித்து, 2014இன் இறுதியில் எழுந்த எதிர்ப்பு, 2015 சனவரியில் நாமக்கல்லில் நடந்த பேச்சுவார்த்தை, எழுத்தாளர் தம் எழுத்து வாழ்க்கை முடிந்ததாக அறிவித்தமை, 2016 சூலை 5 அன்று சென்னை உயர்நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு ஆகியவை தமிழ் ஆய்வுலகம் நன்கறிந்தவை. இந்நிகழ்வுகளின் விளைவு ஒன்றைத் திறனாய்வு இன்னும் முழுமையாகக் கணக்கிலெடுக்கவில்லை. நாவலை எதிர்த்தோரும் ஆதரித்தோரும் ஒரே இரவைத்தான் படித்தனர். அப்படியொரு வழக்கம் இருந்ததா, அதைப் புனைவில் எழுத உரிமை உண்டா என்னும் இரு வினாக்களும் அந்த இரவைச் சுற்றியவை. இவ்விரண்டும் முதன்மையான வினாக்களே. எனினும், பிள்ளை வேண்டுமா என்ற வினாவை நாவல் எவ்வாறு கையாள்கிறது என்பது இவற்றின் நிழலில் மறைந்துபோயிற்று.

கதைச்சுருக்கம் அறியப்பட்டதே. திருச்செங்கோட்டுப் பகுதியில், ஆங்கிலேயர் ஆட்சிக்காலத்தில் வாழும் வேளாண்குடிக் கணவன் மனைவியர் காளியும் பொன்னாவும். பன்னிரண்டு ஆண்டுகளாகப் பிள்ளையில்லை. வேண்டுதல், மருந்து, மலைமேல் வறடிக்கல்லைச் சுற்றுதல் என எல்லாம் முடிந்தபின், தேர்த்திருவிழாவின் பதினான்காம் நாள் இரவுக்குப் பொன்னாவை அனுப்பலாம் என்ற எண்ணம் இரு வீட்டு மூத்தோரிடமும் வலுப்பெறுகிறது. அந்த இரவில் கூடும் ஆண்கள் யாவரும் சாமி, பிறப்பது சாமி கொடுத்த பிள்ளை என்பது ஊரின் நம்பிக்கை. காளி உடன்படவில்லை. அவன் உடன்பட்டதாகச் சொல்லிப் பொன்னா அனுப்பப்படுகிறாள். இந்தப் பொய்யின் பொருளை உணர, அதற்கு முன்னர் நிகழ்ந்த நீண்ட காத்திருப்பைப் படிக்க வேண்டும்.

‘பேறு’ என்னும் சொல்

தமிழில் பிள்ளையைப் பற்றிய அடிப்படைச் சொற்கள் ‘பெறு’ என்னும் வினையில் தோன்றியவை. பேறு, பெற்றோர், பெற்றவள், மகப்பேறு என யாவும் ஒருவர் செய்யும் செயலைவிட ஒருவருக்கு வந்துசேரும் ஒன்றையே குறிக்கின்றன. ஈனுதல் என்னும் சொல் உடலின் உழைப்பைக் காட்டுகிறது. பெறுதல் என்பதோ கொடுப்பவர் ஒருவரை முன்னமே கருதிக்கொள்கிறது. கொடுப்பது தெய்வமாகவோ வினைப்பயனாகவோ இருக்கலாம். பெறுவதைப் பற்றி ஒருவர் ‘முடிவு’ எடுப்பது இம்மொழியமைப்பில் எளிதில் பொருந்துவதில்லை. பேற்றை வேண்டலாம், அதற்காகத் தவம் கிடக்கலாம், கிடைக்காதபோது வருந்தலாம். வேண்டாம் என மறுப்பதற்கு வழக்கில் ஊன்றிய தனிச்சொல் இல்லை. பிள்ளையில்லாமையைக் குறிக்கும் பழஞ்சொற்கள் பலவும் பெண்ணின் உடலில் ஏற்றப்பட்ட வசைகள்.

மரபு இதற்குக் கடன் என்னும் மற்றொரு பொருளையும் சேர்த்தது. திருக்குறளின் ஏழாம் அதிகாரத்துக்குப் ‘புதல்வரைப் பெறுதல்’ எனப் பெயரிட்டு உரைவகுக்கும் பரிமேலழகர், அதிகார முன்னுரையில் மூவகைக் கடன்களைச் சுட்டி, தென்புலத்தார் கடன் புதல்வரைப் பெறுதலால் தீர்வது என விளக்குகிறார். குறளின் அவ்வதிகாரத்தில் குழந்தையின் தீண்டலும் மழலையும் தரும் இன்பம் விரிவாகப் பேசப்படுகிறது. உரையின் நுழைவாயிலில் நிற்பதோ கடன். இன்பம் ஒருவர் தேர்ந்துகொள்ளக்கூடியது. கடன் தீர்க்கப்பட வேண்டியது. தமிழ்க் குடும்பங்களில் பிள்ளை குறித்த பேச்சு இன்றும் இவ்விரண்டுக்கும் இடையே தாவுவதைக் காணலாம். குழந்தை இருந்தால் வீடு நிறையும் என்று தொடங்கும் அறிவுரை, கொள்ளி வைக்க ஆள் வேண்டாமா என்பதில் முடியும்.

காலந்தாழ்ந்து பெற்றோராதல் பழந்தமிழ் இலக்கியத்துக்குப் புதிதன்று. கம்பராமாயணத்தின் பாலகாண்டத்தில் அறுபதினாயிரம் ஆண்டுகள் ஆண்டு முடித்த தயரதன், தனக்குப்பின் நாடு என்னாகும் என்ற கவலையை வசிட்டனிடம் வெளியிடுகிறான். வேள்வி அங்கிருந்தே தொடங்குகிறது. அவ்வுரையாடலில் பேசப்படுவது அரசுரிமை. கோசலையும் கைகேயியும் சுமித்திரையும் பிள்ளை வேண்டி ஏங்கினரா, இல்லையா என்பது அங்குக் கேட்கப்படும் வினாவே அன்று. முதுமையில் தந்தையாதல் ஓர் அரசியல் முடிவாகவும், அதை எடுப்பவர் ஆணும் குருவுமாகவும் அமைகின்றனர். புறநானூற்றின் 222ஆம் பாட்டோ இதே கடனின் வேறொரு முகத்தைக் காட்டுகிறது. வடக்கிருக்கத் தன்னுடன் வர விரும்பிய பொத்தியாரை, மனைவி மகனைப் பெற்றபின் வருமாறு கோப்பெருஞ்சோழன் திருப்பி அனுப்பிய செய்தி அதில் உள்ளது. சாவதற்கான உரிமைகூடப் பிள்ளை பிறக்கும்வரை ஒத்திவைக்கப்படுகிறது. நண்பனுக்காக இறக்கத் துணிந்த ஒருவரின் முடிவை மாற்றும் வலிமை பிள்ளைக்கு இருந்தது என்றால், காளியைப் போன்ற ஓர் எளிய உழவன் அதை எதிர்த்து நிற்பது எத்தகைய செயல் என்பது விளங்கும்.

பன்னிரண்டு ஆண்டு

நாவல் பன்னிரண்டு என்னும் எண்ணை அடிக்கடி நினைவூட்டுகிறது. காளி மாமியார் வீட்டு வாசலில் நட்ட பூவரசு பன்னிரண்டு ஆண்டில் பெருமரமாகிவிட்டது. அதன் நிழலில் அவன் கிடக்கும் காட்சியுடன் நாவல் தொடங்குகிறது. தமிழ்ப் பண்பாட்டில் பன்னிரண்டு ஆண்டு ஒரு முழுச்சுற்று. கும்பகோணத்து மகாமகம் அக்கணக்கில்தான் வருகிறது. அக்காலக் கிராமத் திருமணங்களில் பெண்ணின் வயதை எண்ணிப்பார்த்தால், பன்னிரண்டு ஆண்டு கழிந்தபின்னும் பொன்னா இன்றைய மருத்துவக் கணக்கில் இளம்பெண்ணே. ஆயினும் ஊரின் கணக்கில் அவளுக்குக் காலம் கடந்துவிட்டது. ‘காலந்தாழ்தல்’ என்பது உடலால் மட்டும் அளக்கப்படுவதன்று. பார்த்துக்கொண்டிருப்போரின் பொறுமையாலும் அளக்கப்படுகிறது.

முதலிரண்டு ஆண்டுகளில் ‘இன்னும் இல்லை’ என்பதாக இருக்கும் நிலை, எந்தக் கட்டத்தில் ‘இனி இல்லை’ என்பதாகத் திரிகிறது? பெருமாள்முருகனின் கலை இத்திரிபைத் தனியொரு நிகழ்ச்சியாகக் காட்டாமல் சிறுசிறு விலக்கல்களாகப் பரப்பிவைப்பதில் உள்ளது. சடங்கு வீட்டில் ஒரு கை தடுக்கிறது. பேச்சுவாக்கில் ஒரு சொல் விழுகிறது. நிலத்தின் மேல் பங்காளிகளின் பார்வை படிகிறது. காளிக்கு இரண்டாம் திருமணம் என்ற பேச்சு அவ்வப்போது எழுந்து அடங்குகிறது. மருந்துக் கசப்பை மாமியார் கையிலிருந்து வாங்கி விழுங்குபவள் பொன்னா. மலையுச்சியில் விழுந்தால் உயிர் தப்பாத இடத்தில் வறடிக்கல்லைச் சுற்றுபவளும் அவளே. மருந்து, வேண்டுதல், பரிகாரம் என்ற வரிசை நீள நீள, அதிலிருந்து விலகுவதற்கான வாய்ப்பு குறைகிறது. இவ்வளவு செய்தபின் விடுவதா என்ற எண்ணமே அடுத்த முயற்சிக்குக் காரணமாகிறது. பாவாத்தா என்னும் பெண்தெய்வத்தின் சாபத்தைப் பற்றிய குடும்பக் கதையும் இவ்வரிசையில் சேர்கிறது. முன்னோர் செய்த கொடுமைக்குப் பின்னோர் உடல் ஈடு செய்கிறது என்னும் விளக்கம், பிள்ளையின்மையைத் தம்பதியரின் கையிலிருந்து முற்றாகப் பிடுங்கிவிடுகிறது.

இத்தனைக்கும் இடையே இருவருக்குமான உடல்வேட்கை தணியவில்லை என்பதை நாவல் வற்புறுத்திச் சொல்கிறது. இக்கூற்றைத் திறனாய்வாளர் சிலர் வெறும் காமச்சித்திரிப்பாகக் கடந்துசெல்வதுண்டு. அவ்வாறு கடப்பது பிழையாகும். பன்னிரண்டு ஆண்டு பிள்ளை வேண்டிச் சேரும் இருவரின் உறவு, பிள்ளைக்கான கருவியாக மாறிவிடவில்லை என்பதற்கான சான்று அது. தொண்டுப்பட்டியில் மாடுகளோடும் மரத்தோடும் காளி அமைத்துக்கொண்ட வாழ்வு ஏற்கெனவே நிறைவானது. குறை வெளியிலிருந்து உள்ளே கொண்டுவரப்படுகிறது. ‘பிள்ளையின்றியும் இவ்வாழ்வு போதும்’ என்னும் முடிவுக்குக் காளி பலமுறை அருகில் வருகிறான். ஒவ்வொரு முறையும் யாரேனும் ஒருவர் வாசலில் வந்து நிற்கிறார்.

நிபந்தனையோடு வந்த விடை

நாவலின் திருப்புமுனை திருவிழா இரவன்று. அதற்கு முன்னர் ஒரு நாள், பதினான்காம் நாள் இரவுக்குப் போவாயா எனக் காளி பொன்னாவைக் கேட்கிறான். அவன் விரும்பினால் போவதாக அவள் விடை சொல்கிறாள். அந்த விடை அவனைக் காயப்படுத்துகிறது. அவன் எதிர்பார்த்தது மறுப்பு. மறுத்திருந்தால் அவள் தன்னைப் பிள்ளையினும் மேலாகக் கருதுகிறாள் என்று அவன் அமைதி கொண்டிருப்பான்.

இவ்விடையை இருவகையாகப் படிக்கலாம். கணவனின் சொல்லுக்கு உட்பட்ட மனைவியின் விடை என்பது ஒன்று. காளி அதை ஆசையின் ஒப்புதலாகப் படிப்பது மற்றொன்று. இரண்டும் போதா. கேள்வியின் அமைப்பை நோக்க வேண்டும். உனக்குப் பிள்ளை வேண்டுமா, எவ்வளவு வேண்டும், இல்லாமல் இருக்க முடியுமா என்றெல்லாம் காளி கேட்கவில்லை. போவாயா என்றே கேட்கிறான். அது சோதனை, சோதனைக்குச் சரியான விடை ஒன்று முன்னமே உண்டு. வறடி என்ற சொல்லை அன்றாடம் சுமப்பவள் முழுமறுப்பையும் சொல்ல முடியாது, முழுவிருப்பத்தையும் சொல்ல முடியாது. பொறுப்பை அவனிடமே திருப்பித் தருவது அவளுக்கு எஞ்சியிருந்த ஒரே வழி. நீண்ட காத்திருப்பில் இருக்கும் தம்பதியர் பலர் பேசிக்கொள்ளும் முறையும் இதுவே. ஒருவர் மற்றவரின் விருப்பத்தை ஊகித்து, அந்த ஊகத்துக்கு ஏற்பத் தம் விருப்பத்தைச் சொல்கிறார். முடிவு இருவருக்கும் நடுவில் யாராலும் எடுக்கப்படாமல் கிடக்கிறது. பின்னர் முத்துவும் சீராயியும் பொன்னாவின் தாயும் எடுத்துக்கொள்வது இப்படிக் கேட்பாரற்றுக் கிடந்த முடிவைத்தான்.

காளியின் மறுப்பிலும் ஒரு கோணல் உண்டு. மணத்துக்கு முன் இளைஞனாக அவனே முத்துவுடன் அந்தத் திருவிழா இரவுக்குச் சென்றவன். அவன் அப்போது சாமியாக இருந்தான். யாரோ ஒரு பெண்ணின் பிள்ளையில்லா வீட்டுக்கு அவன் விடையாகியிருக்கலாம் என்பதை நாவல் சொல்லாமல் சொல்கிறது. தான் அன்று எப்படி நினைத்தான் என்பது தெரிந்ததால்தான் அந்தக் கூட்டத்தின் எந்த ஆணையும் அவனால் சாமியாகக் காண முடியவில்லை. நம்பிக்கையின் உட்புறத்தைக் கண்டவனுக்கு நம்பிக்கை உதவாது. காளியின் துயரத்தைப் பரிவுடன் எழுதும் ஆசிரியர் இந்த முரணையும் மறைக்காமல் எழுதியிருப்பது நாவலின் நேர்மை.

பொன்னாவுக்கு அந்த இரவு வேறாகத் திறக்கிறது. நாவல் முழுவதும் மாமியார், தாய், கணவன், அண்ணன் ஆகியோரின் நடுவே காணப்படும் அவள், திருவிழாக் கூட்டத்தில் முதன்முறையாகத் தனித்து நிற்கிறாள். யாரை ஏற்பது, யாரை விலக்குவது என்பது அங்கு அவள் கையில் இருக்கிறது. தேர்வு செய்யும் உரிமை அவளுக்குக் கிடைக்கும் ஒரே இடம், பொய்யின்மேல் அமைந்த இடமாக இருக்கிறது. கணவன் இசைந்தான் என்று நம்பி அவள் தன் இசைவைத் தருகிறாள். அடித்தளம் பொய்யென்றால் அவளது இசைவும் பறிக்கப்பட்டதாகிறது. வஞ்சிக்கப்பட்டவன் காளி என்றே நாவலின் இறுதி நம்மை உணரச்செய்கிறது. அதே அளவில் வஞ்சிக்கப்பட்டவள் பொன்னா என்பதை வாசகர்தாம் எண்ணிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

நல்லுப்பையனின் சொல்லும் அதன் எல்லையும்

பிள்ளை இல்லாமல் வாழ்வது ஓர் இழப்பன்று என வெளிப்படையாகப் பேசும் பாத்திரம் நல்லுப்பையன் சித்தப்பா. மணம் செய்துகொள்ளாதவர், ஊர்வழக்கத்துக்கு அடங்காதவர், பகடியாகப் பேசுபவர். காளிக்கு அவரிடம் ஆறுதல் கிடைக்கிறது. சொத்தும் சந்ததியும் குறித்த ஊரின் கவலைகளை அவர் நகைப்புக்குள்ளாக்கும் பகுதிகள் நாவலின் மிக உயிர்ப்பான பகுதிகளுள் அடங்கும்.

ஆயினும் அச்சொல்லை யார் சொல்ல முடிகிறது என்பது நோக்கத்தக்கது. நல்லுப்பையனின் உரிமை அவருடைய ஆண்மையிலும் நிலத்திலும் வேரூன்றியது. அவரை ஊர் கிறுக்கர் என்று சொல்லிச் சிரிக்கும். சடங்கு வீட்டில் தடுக்காது. அதே சொல்லைப் பொன்னா சொன்னால் அது வறடியின் வீம்பாகவே கேட்கும். நாவல் அவளுக்கு அச்சொல்லைத் தரவில்லை. அவளுடைய ஏக்கம் ஐயத்துக்கு இடமின்றிக் காட்டப்படுகிறது. அதில் எவ்வளவு குழந்தைமேலான ஆசை, எவ்வளவு வசையிலிருந்து தப்பும் ஆசை என்று அவள் தனக்குள் பிரித்துப்பார்க்கும் ஒரு பொழுதேனும் எழுதப்பட்டிருக்கலாம். காளியின் தயக்கத்துக்குப் பல பக்கங்கள் ஒதுக்கும் நாவல் இதற்கு இடம் தராதது குறையே. அக்காலப் பெண்ணுக்கு அத்தகைய சிந்தனை இயல்பன்று என்று விடை கூறலாம். நல்லுப்பையனுக்கு இயல்பானது பொன்னாவுக்கு இயலாதது ஏன் என்ற வினா அப்போதும் நிற்கும்.

தமிழ்ப் புனைகதையில் பிள்ளை வேண்டாம் என்னும் நிலை பெண்பாத்திரங்களுக்குப் பெரும்பாலும் மணமறுப்பின் வழியாகவே வாய்த்திருக்கிறது. தி. ஜானகிராமனின் ‘மரப்பசு’ அம்மணி இதற்கு எடுத்துக்காட்டு. மணவாழ்வுக்குள் இருந்துகொண்டே, கணவன்மேல் காதலும் கொண்டு, பிள்ளை குறித்துத் தயங்கும் பெண் அரிதானவள்.

சுற்றத்தாரின் இசைவு

பொன்னாவைப் பற்றிய முடிவைச் சுற்றத்தார் எடுத்தனர் என்பது கதைத்திருப்பத்துக்காக ஆசிரியர் புனைந்த சதி மட்டுமன்று. அக்காலச் சட்டத்தின் போக்கும் அதுவே. 1956ஆம் ஆண்டின் இந்து சுவீகார, பராமரிப்புச் சட்டத்துக்கு முன்னர், மணமான இந்துப் பெண் தனக்கெனப் பிள்ளையைச் சுவீகரிக்க இயலாது. சுவீகாரம் கணவனுக்காக நிகழ்வது. கணவன் அனுமதி தராமல் இறந்திருந்தால் கைம்பெண் என்செய்வாள் என்னும் வினா, இராமநாதபுரம் சமஸ்தான வழக்கில் இலண்டன் பிரிவி கவுன்சில்வரை சென்றது. திராவிட நாட்டு வழக்கப்படி, கணவனின் சுற்றத்தார் இசைவுடன் அவள் சுவீகரிக்கலாம் என 1868இல் தீர்ப்பாயிற்று. வடநாட்டுச் சில பகுதிகளின் வழக்கத்தோடு ஒப்பிட இது பெண்ணுக்குச் சாதகமான தீர்ப்பு என்பர். அதுவும் அவளுடைய தாய்மையைச் சுற்றத்தாரின் இசைவில் கட்டியது.

நிலத்தின் நிலையும் இதனோடு இணைந்தது. பிள்ளையில்லாத கைம்பெண்ணுக்குக் கணவன் சொத்தில் கிடைப்பது வாழ்நாள் அளவிலான வரையறுக்கப்பட்ட உரிமை. அவளுக்குப்பின் அது கணவனின் வாரிசுகளான பங்காளிகளிடம் செல்லும். ஆகவே சீராயியின் ஆவலை வெறும் பேரப்பிள்ளை ஆசையாகக் கொள்ள முடியாது. தன் மகன் உழைத்த மண் யாருடைய ஏருக்குக் கீழே போகும் என்பது அவள் நாள்தோறும் காணும் கவலை. ஒற்றை மகனைத் தனியே வளர்த்தெடுத்த தாய் அவள். அவளை வில்லியாகப் படிப்பது நாவலுக்கு நியாயம் செய்யாது. சாமி கொடுத்த பிள்ளை என்னும் ஏற்பாடு, சட்டமும் சாத்திரமும் தராத ஒரு வாரிசைத் தருகிறது. ஊர் அதை வினவாமல் ஏற்கிறது. அவ்வேற்பில் ஓர் ஈரம் இருக்கவே செய்கிறது. ஈரமுள்ள ஓர் ஏற்பாடும் கேட்காமல் நிகழ்த்தப்படும்போது என்னவாகிறது என்பதே நாவலின் அக்கறை.

தங்கம் அத்தையின் காடு

அம்பையின் ‘காட்டில் ஒரு மான்’ (அதே தலைப்பிலான தொகுப்பு, 2000) இங்கு ஒப்பிடத்தக்கது. தங்கம் அத்தை பூப்படையாதவள். அவளுக்கு மருந்தும் மந்திரமும் நடந்து ஓய்ந்துவிட்டன. திடீர் அச்சம் உதிரத்தை வரவழைக்கும் என்று இருட்டில் கருப்புப் போர்வையோடு பாய்ந்து அவளை அச்சுறுத்தியதும் அவற்றுள் ஒன்று. கணவனுக்கு வேறொரு மனைவி வந்து, அவ்வழியாக வீடு பிள்ளைகளால் நிறைந்துவிட்டது. பொன்னாவின் வீட்டில் நடப்பவையெல்லாம் இங்கே முன்னமே நடந்து முடிந்தவை. அம்பை தொடங்குவது அதற்குப் பிறகான காலத்திலிருந்து.

அக்காலத்தில் அத்தை கதை சொல்கிறாள். வழிதவறி வேறு காட்டுக்குள் சென்ற மான் ஒன்று அஞ்சி அலைந்து, ஒரு நிலவிரவில் அக்காட்டைத் தனதாக உணரும் கதை. கேட்பவர்கள் சிறுவர்கள், அவர்களுள் ஒருத்தியின் பார்வையில் சிறுகதை நகர்கிறது. அத்தையின் உடல் உள்ளீடற்றதா என்று ஐயுற்ற குழந்தைகள் அவ்வுடலின் வெம்மையையும் கையின் வலிமையையும் எண்ணெய்க் குளியலில் அறிகிறார்கள். ‘தாய் ஆகாத தாய்’ என்னும் ஆறுதல் பட்டத்தை அம்பை அவளுக்குச் சூட்டவில்லை. பழகாத காட்டில் பழகியதுதான் அவள் அடைந்தது.

இரு படைப்புக்கும் உள்ள வேறுபாடு முதன்மையாகக் காலத்தைப் பற்றியது. ‘மாதொருபாகன்’ முடிவுக்கு முந்தைய அழுத்தத்தை எழுதுகிறது. ‘காட்டில் ஒரு மான்’ அழுத்தம் ஓய்ந்தபின் மிஞ்சும் வாழ்வை எழுதுகிறது. பொன்னாவின் வீட்டில் யாரும் கற்பனை செய்ய மறுப்பது இந்தப் பின்வாழ்வைத்தான். பிள்ளையில்லாத முதுமை என்றதும் அவர்களுக்குத் தோன்றுவது வசை, பங்காளி, அனாதைப் பிணம் ஆகியவையே. தங்கம் அத்தையைப் போன்ற ஒருத்தி அவ்வூரில் இருந்திருந்தால் பொன்னாவின் விடை மாறியிருக்குமா என்பது ஊகமே. ஆயினும் ஒருவர் முடிவெடுக்க, அம்முடிவுக்குப்பின் உள்ள வாழ்வின் ஒரு படமேனும் கண்முன் இருக்க வேண்டும் என்பதை இவ்வொப்பீடு காட்டுகிறது.

எண்களாக மாறிய காலம்

இன்றைய சட்டம் ஊரின் பொறுமைக்குப் பதிலாக எண்களை வைத்திருக்கிறது. 2021ஆம் ஆண்டின் துணைநிலை இனப்பெருக்கத் தொழில்நுட்ப ஒழுங்குமுறைச் சட்டம், அச்சேவைகளைப் பெறும் பெண்ணுக்கு 21 முதல் 50, ஆணுக்கு 21 முதல் 55 என வயது வரம்பிடுகிறது. 2022ஆம் ஆண்டின் தத்தெடுப்பு விதிமுறைகள் இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தையை விரும்பும் தம்பதியரின் கூட்டுவயது 85ஐத் தாண்டலாகாது என்கின்றன. தனியர் எனில் 40. ஐம்பதை நெருங்கும் பெண்ணும் ஐம்பத்தைந்தை நெருங்கும் ஆணும் கருத்தரிப்பு மையத்துக்குச் செல்ல விரும்பினால் அவர்களுக்கு ஏறக்குறைய எல்லைவரை கதவு திறந்திருக்கிறது. அதே தம்பதி ஒரு கைக்குழந்தையைத் தத்தெடுக்க விரும்பினால் கதவு அடைத்துவிட்டது. பெற்ற பிள்ளைக்கும் எடுத்த பிள்ளைக்கும் இடையே இவ்வெண்கள் காட்டும் வேற்றுமை, பேறு என்னும் சொல்லின் பழைய எடையிலிருந்து முற்றிலும் விடுபட்டதன்று. ஆணுக்குக் கூடுதலாகத் தரப்பட்ட ஐந்தாண்டுகளில் தயரதனின் சாயல் மெலிதாகப் படிந்திருக்கிறது.

வறடிக்கல்லைச் சுற்றுவதும் சினைமுட்டையை எடுக்க ஊசி போட்டுக்கொள்வதும் ஒன்றல்ல. மருத்துவம் உண்மையாகவே பிள்ளை தருகிறது. முயற்சிகளின் வரிசை நீளும்போது விலகும் வழி குறுகுவது மட்டும் இரண்டிலும் பொது. அதைச் சுமக்கும் உடல் எது என்பதிலும் மாற்றம் இல்லை.

பூவரசு

‘ஆலவாயன்’, ‘அர்த்தநாரி’ ஆகிய இரண்டும் 2014இல் ஒருசேர வெளிவந்தன. ‘மாதொருபாகன்’ விட்ட இடத்திலிருந்து இருவேறு வழிகளில் அவை செல்கின்றன. ஒன்றில் காளி இறந்துவிடுகிறான். மற்றொன்றில் பிழைத்து, மௌனத்தால் பொன்னாவைத் தண்டிக்கிறான். இரண்டிலும் மாறாதது அவள் வயிற்றில் இருக்கும் கரு. கணவனின் நிலை புனைவுக்கு மாற்றத்தக்கதாக இருக்க, பிள்ளை மட்டும் நிலையானதாக வைக்கப்படுவது எண்ணத்தக்கது. கரு தரிக்காத மூன்றாவது தொடர்ச்சி ஒன்றை எழுதியிருந்தால், எல்லாம் நடந்தபின்னும் பழைய வினாவே காளிக்கும் பொன்னாவுக்கும் முன்னால் வந்து நின்றிருக்கும். அதுவே எழுதக் கடினமான நாவலாகவும் இருந்திருக்கக்கூடும்.

நாவல் மரத்தடியில் தொடங்கி மரத்தடியில் முடிகிறது. மாமியார் வீட்டு வாசலில் காளி நட்டது விதையன்று, கிளை. பூவரசு போத்து நட்டாலே தழைக்கும். வித்தில்லாமல் வளர்ந்த அந்த மரத்தின் நிழலில் ஊர் உட்கார்கிறது, அதன் பெருமையைப் பேசுகிறது, நட்டவனுக்கு வாரிசில்லை என்று வருந்துகிறது. தொண்டுப்பட்டிப் பூவரசின் அடியில் காளி கடைசியாக அண்ணாந்து பார்க்கும்போது அவன் கண்ணுக்குப் படுவது அதன் கிளைகள்.